என் பெட்டியில் கிடக்கும் உங்கள் பதில்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. உங்கள் அத்தையும் நானும் இங்கே சௌக்கியம். நீங்களும் நம் பெண்ணும் அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். கைபேசி இருக்கும்போது இந்த மனிதர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் கைபேசியைத் தொட்டாலே போதும், உங்கள் அத்தை அடுப்படியிலிருந்தபடியே, "யாரு, மாப்பிள்ளையா? ஸ்பீக்கர்ல போடுங்க" என்பாள். இது ஸ்பீக்கரில் போடக்கூடிய விஷயமில்லை. வெளியே நின்று பேசலாம்தான். ஆனால் உங்களிடம் நேராகப் பேசும் தைரியம் இருந்திருந்தால், போன வாரம் அந்தச் செய்தியை வாய்ஸ்மெயிலில் விட்டிருக்கவே மாட்டேன்.

விஷயம் இதுதான். நான் விட்ட செய்திக்கு நீங்கள் அனுப்பிய பதில் ஆபீஸில் என் வாய்ஸ்மெயில் பெட்டியில் வந்து கிடக்கிறது. அதை எங்கள் கணக்கர் கேட்டுவிட்டார், கிடங்குக்காரர் கேட்டுவிட்டார், வரவேற்பில் இருக்கும் பெண் கேட்டுவிட்டாள், போனே இல்லாத டிரைவர் கேட்டுவிட்டார். நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையில்லை.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் பழுதுபார்க்கும் எங்கள் கம்பெனியில் முதலாளி புதிதாக வாய்ஸ்மெயில் ஏற்பாடு ஒன்றை வாங்கினார். "நீங்கதான் நிதானமானவர், நீங்களே பாத்துக்குங்க" என்று அதன் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். பொருத்த வந்த இளைஞர் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். படிப்படியாக உரிமைகள். அடிப்படியில் இருப்பவர் செய்தி விடலாம், அவ்வளவுதான். அடுத்த படிக்காரர் தன் பெட்டியில் வந்ததைக் கேட்கலாம். அதற்கும் மேலே இருப்பவர் பிறர் பெட்டியையும் கேட்கலாம், அடுத்த படியில் அழிக்கலாம், உச்சியில் உட்கார்ந்தால் யாருக்கு எந்தப் படி என்று தீர்மானிக்கலாம். "அவங்கவங்க வேலைக்குத் தக்கபடி குடுத்துடுங்க சார், சுலபம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல பிள்ளை. எங்கள் ஆபீஸில் வேலை பார்த்ததில்லை.

எங்கள் ஆபீஸில் நாற்காலிக்குக் கை வைத்ததா வைக்காததா என்பதே வேலையைப் பொறுத்ததல்ல, வயதைப் பொறுத்தது. புகார்களைக் கவனிப்பது வரவேற்புப் பெண் என்பதால் எல்லாப் பெட்டிகளையும் கேட்கும் உரிமையை அவளுக்குக் கொடுத்தேன். அன்று மத்தியானமே கணக்கர் வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"நேத்து வந்த பொண்ணு கேக்கலாம். நான் கேக்கக் கூடாது. அப்படித்தானே?"

"லிஃப்ட் நின்னுபோச்சுங்கற புகாரெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்?"

"எனக்கு எதுக்குன்னு நான் கேட்டேனா? அவளுக்கு இருக்கறது எனக்கு இல்லையேன்னு கேட்டேன்."

அவரை அவளுக்கு ஒரு படி மேலே ஏற்றினேன். அதாவது அழிக்கும் உரிமை. இது கிடங்குக்காரருக்குத் தெரிந்ததும், "அவர் அழிக்கலாம், நான் மட்டும் பாத்துக்கிட்டு நிக்கணுமா? நானும் அவரும் ஒரே நாள்ல சேர்ந்தவங்க சார்" என்றார். அவரையும் ஏற்றினேன். ஒரே படியில் நிற்பது கணக்கருக்குக் குறைச்சலாகப்பட்டது. அவரை உச்சிக்கு ஏற்றினேன். கிடங்குக்காரரும் உச்சிக்கு வந்தார். இரண்டு பேரும் எழுதித் தரச் சொல்லி நான் நீட்டிய பேனாவைக்கூட வாங்காமலே ஏறிவிட்டதால், வரவேற்புப் பெண்ணைக் கீழே விட்டுவைப்பது அநியாயம் என்று அவளையும் ஏற்றினேன். கடைசியில் டிரைவர் வந்தார். "எனக்கு போன் கிடையாது சார். ஆனா பேர் இல்லேன்னா நாளைக்கு ஒருத்தன் மதிக்க மாட்டான்."

உச்சியில் நாலு பேருக்குத்தான் இடம். மிஞ்சியிருந்தது என் இடம். மனிதர்களைவிட இடமா பெரிது என்று டிரைவரை அதில் உட்கார வைத்தேன். 'மற்றவர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. மற்றவர்கள் என்று யாரும் மிஞ்சப்போவதில்லை என்ற நம்பிக்கையில், அதற்கு நேரே 'செய்தி விட மட்டும்' என்று முன்பே குறித்து வைத்திருந்தேன். சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் திரை எனக்கு நன்றி சொல்லி என்னை வெளியே அனுப்பியது. மாப்பிள்ளை, அந்த ஆபீஸில் மற்றவர்கள் என்றால் இப்போது நான் ஒருவன்தான்.

இதன் பலனை முதலில் அனுபவித்தவர் ஒரு பல் டாக்டர். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டு செய்தி விட்டிருக்கிறார். அதை முதலில் கணக்கர்தான் கேட்க வேண்டும் என்று மற்றவர்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். கணக்கர் சாப்பிட்டு, கைகழுவி, கேட்டு, மேசையில் தூசு சேர்வது அவருக்குப் பிடிக்காது என்பதால், உடனே அழித்தும் விட்டார். டாக்டர் எப்படியோ தானே இறங்கி வந்து எங்களைப் பற்றி இன்னொரு செய்தி விட்டார். அதை யாரும் அழிக்கவில்லை. ஓய்வு நேரத்தில் கேட்கிறார்கள்.

நான் ஏற்றிவிட்ட யாராவது என்னை ஏற்றிவிடலாமே என்பீர்கள். ஏற்றலாம். ஆனால் இந்தக் கூத்துக்கெல்லாம் முன்னால் நானே இரண்டு விதி எழுதிக் கையெழுத்திட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தேன். ஒருவருக்கு வந்த செய்தியை வாயால் யாருக்கும் சொல்லக் கூடாது. உரிமையில் மாற்றம் வேண்டுவோர் பொறுப்பாளருக்கு எழுதித் தர வேண்டும், பொறுப்பாளர் மட்டுமே மாற்றலாம். பொறுப்பாளர் நான். எனக்கு நானே எழுதிக் கொடுத்தேன், நானே ஒப்புதலும் கொடுத்தேன், மாற்ற மட்டும் முடியவில்லை. கணக்கரிடம் போனால், "நீங்க போட்ட விதியை நாங்களே மீறினா நல்லாவா இருக்கும்?" என்கிறார். இதுவரை எந்த விதியையும் மதிக்காத ஆபீஸ் இது.

இந்த நிலையில்தான் என் போனில், செய்தி வந்திருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. ஆபீஸுக்கே பதில் விடுங்கள் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன் அல்லவா, அதுதான் என்று புரிந்தது. அன்றிலிருந்து என்னை எல்லோரும் நடத்துகிற விதமே மாறிவிட்டது. வரவேற்புப் பெண் என் டீயோடு பிஸ்கெட் வைக்கிறாள். மழையில்கூட யாருக்கும் குடை கொடுக்காத கணக்கர், வெயிலில் என்னிடம் குடையை நீட்டினார். "மனசை விட்டுடாதீங்க சார்" என்றார் டிரைவர். கிடங்குக்காரர் என் தோளைத் தொட்டு, "கொஞ்சம் நீளம்தான் சார். ஆனா மனசுலேருந்து வந்த பேச்சு" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நீளமாக, மனசார, முடியாது என்று சொல்லியிருக்கிறீர்கள். அதில் தப்பே இல்லை. உங்களுக்கு இந்த ஊருக்கு மாற்றல் வரும்போது, மாமனார் வீட்டு மாடி காலியாக இருக்கிறது என்பதற்காக அங்கேயே குடிவர வேண்டும் என்று சட்டமா? உங்கள் அத்தை அன்றைக்கே சொன்னாள்: "அவங்களா கேட்டா குடுக்கலாம், நாமளா கூப்பிடக் கூடாது. வீட்டோட மாப்பிள்ளைன்னு நாலு பேர் பேசினா அவருக்குத்தானே சங்கடம்?" அவளுக்குத் தெரியாமல் நான் கூப்பிட்டது என் அவசரம். மாடிக் குழாயை மாற்றினேன். ஏன் என்று கேட்டாள், ஒழுகுது என்றேன். ஒழுகவில்லை. ஜன்னலுக்கு வர்ணம் அடித்தேன், அதற்கு இன்னும் காரணம் சொல்லவில்லை. இருந்தாலும், எப்படிச் சொல்லி மறுத்தீர்கள் என்று தெரிந்தால் மனசு ஆறும். இரண்டு வரி ஆபீஸ் முகவரிக்கு எழுதுங்கள். வாடகை வீடு பார்ப்பதென்றால் கூட வருகிறேன், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நம் பெண்ணிடம் அப்பா விசாரித்ததாகச் சொல்லுங்கள், கடிதம் போட்டதாகச் சொல்ல வேண்டாம்.

என்றும் அன்புள்ள,
மாமா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது கணக்கர் கூப்பிட்டார். "கேக்கற உரிமை எனக்கு இருக்கு. நான் ஸ்பீக்கர்ல போட்டுக் கேப்பேன். அப்ப நீங்க கதவோரமா நிக்கக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்லை" என்றார். நின்றேன். "மாப்பிள்ளை, மாமா பேசறேன்" என்று ஆரம்பித்தது. என் குரல். ஆபீஸ் போனிலிருந்து வெளியூர் எண்ணுக்குப் பேச முதலில் ஒன்பதை அழுத்த வேண்டுமாம். நான் அழுத்தவில்லை. உங்களுக்கு என்று நினைத்து என் பெட்டியிலேயே முழுவதையும் பேசியிருக்கிறேன், நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தது உட்பட. ஆக, நான் உங்களை எதுவும் கேட்கவில்லை, நீங்கள் எதையும் மறுக்கவில்லை. மேலே எழுதியதை எழுதாததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மாடி காலியாக இருக்கிறது, மாப்பிள்ளை. குழாயும் ஒழுகவில்லை. வந்துவிடுங்களேன்.