இயக்குநர் இன்னும் இறங்கவில்லை

இயக்குநர் எழுவதற்கு முன் எவரும் எழுவதில்லை. தீப் பாதுகாப்புத் தணிக்கை அலுவலகத்தின் விதிநூலில் இது எங்கும் அச்சிடப்படவில்லை. அச்சிட வேண்டிய அவசியமும் நேரவில்லை. மனித குலம் இதுவரை கண்டடைந்த ஒழுங்குகளில் இதற்கு நிகரானது வேறில்லை என்று துணிந்து கூறலாம். மதியச் சாப்பாட்டு மேசையானாலும், முடிந்துபோன கூட்டமானாலும், அவருடைய நாற்காலி கிறீச்சிட்ட பிறகே மற்ற நாற்காலிகள் கிறீச்சிடும். ஒருமுறை கூட்டத்தின் நடுவே அவர் கண்ணயர்ந்துவிட, பதினான்கு பேர் ஒன்றே முக்கால் மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்தார்கள். குறிப்பேட்டில் அது ‘ஆழ்ந்த விவாதம்’ என்று பதிவாயிற்று.

பதிவு செய்தவள் பயிற்சி ஆய்வாளர். ஓராண்டுப் பயிற்சி அவளுக்கு இரண்டு முறை நீட்டிக்கப்பட்டிருந்தது. பணி நிரந்தர ஆணை ஒருவழியாகத் தட்டச்சாகி, நான்காக மடிந்து, இயக்குநரின் சட்டைப் பையில் கிடந்தது. அலுவலகச் சுற்றுலா போகும் மலையுச்சியில், இயற்கை சாட்சியாக அதில் கையெழுத்திடப்போவதாக அவர் அறிவித்திருந்தார். காலையில் புறப்படும்போது அவளுடைய அக்கா செருப்பைத் தேடிக் கொடுத்தபடி சொன்னாள்: “இந்தத் தடவையும் வெறுங்கையோட வந்தேன்னு வையி, உன்னை மறுபடி ஒண்ணாங்கிளாஸ்ல சேர்த்துவிடுவேன்.”

‘உளப் பிணைப்புச் சுற்றுலா’ என்று சுற்றறிக்கையில் பெயர் பெற்ற அப்பயணத்துக்கு வாடகைக் கார் வந்தது. கொண்டுவந்தவர் சாவியை நீட்டினார்.

“சார், ஹேண்ட் பிரேக் கொஞ்சம் டைட்டு. முழுசா இறக்கிட்டு எடுங்க.”

“நாங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு? ஊருக்கே பாதுகாப்பு சொல்லிக் கொடுக்கிறவங்க. எங்களுக்கே பாடமா?” என்ற இயக்குநர், டிக்கியைத் திறந்து அங்கிருந்த தீயணைப்பானைத் தட்டிக் காட்டினார். “பாருங்க, இதுலகூட நம்ம ஆபீஸ் முத்திரை!”

“நம்ம முத்திரை சார்!” என்றார் துணை இயக்குநர். இவரை அலுவலகம் முழுவதும் ‘எதிரொலி’ என்றே அழைத்தது. அவரும் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

தலைமைப் பண்பை நிரூபிக்கும் பொருட்டு இயக்குநரே ஓட்டினார். பக்கத்தில் எதிரொலி. பின்னால், முப்பதாண்டுக் கோப்புகளைக் காத்துவரும் கோப்பக்காவும் பயிற்சி ஆய்வாளரும். பாதி மட்டுமே இறங்கிய ஹேண்ட் பிரேக்குடன் கார் மலையேறத் தொடங்கியது. முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்கு இமைக்காமல் எரிந்தது.

“விளக்கு அழகா இருக்கு சார்,” என்றார் எதிரொலி.

அருவியைப் பார்க்கும் இடத்தில் கார் நின்றது. “இங்கிருந்தே நல்லாத் தெரியுதே,” என்று இயக்குநர் இருக்கையிலிருந்தே கைப்பேசியை நீட்டினார். ஆகவே மூன்று கழுத்துகள் இயன்றவரை திரும்பி, அருவியின் இடது ஓரத்தைக் கண்டு களித்தன.

நான்காவது கொண்டை ஊசி வளைவில் வாசனை வந்தது.

“மலைன்னா மூலிகை இருக்கும்ல,” என்றார் இயக்குநர், மூச்சை ஆழ இழுத்து.

“மூலிகைதான் சார். நெஞ்சு வரைக்கும் போகுது,” என்று இருமினார் எதிரொலி.

“எங்க வீட்ல குக்கர் கேஸ்கட் தீஞ்சா இப்படித்தான்...” என்று தொடங்கிய கோப்பக்கா, கண்ணாடியில் இயக்குநரின் புருவத்தைக் கண்டு, “ஆனா அது வேற மாதிரி. இது உசந்த வாசனை,” என்று முடித்தார்.

பயிற்சி ஆய்வாளருக்குக் காலடியில் சுட்டது. “சார், ஹேண்ட் பிரேக்...”

கோப்பக்கா அவள் தொடையைக் கிள்ளினார். “வாயை மூடுடி. பேப்பர் அவரு பையில இருக்கு.”

அவள் வாயை மூடினாள். மூக்கை மூட முடியவில்லை.

ஏழாவது வளைவில் கார் தானாகவே ஓய்வெடுத்துக்கொண்டது. பின்சக்கரங்களிலிருந்து வெண்மையாக ஒன்று எழுந்து, சன்னல் வழியே உள்ளே புகுந்தது.

“ஆகா! மூடுபனி!” என்றார் இயக்குநர்.

அந்தக் கணத்தில் அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. இனி அவர் இறங்கினால் அது புகையாகிவிடும். இறங்காதவரை அது பனிதான். இத்தனை நுட்பமான விளக்கத்தை ஒரு பிரேக்கின் புகை இதற்குமுன் பெற்றிருக்குமா என்பது ஐயமே. “குறிப்பெடும்மா,” என்று ஆணையிட்டார். அவள் நீர் வழியும் கண்களோடு எழுதினாள்: ‘மூடுபனி ஒருமனதாக ரசிக்கப்பட்டது.’

எதிரே வந்த லாரி நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி அலறினார்: “யோவ், வண்டி புகையுது! இறங்குங்கய்யா!”

ஒருவரும் அசையவில்லை.

“காது கேக்கலையா? ஏன்யா உக்காந்திருக்கீங்க?”

எதிரொலி மிகுந்த மரியாதையுடன் விளக்கினார்: “இயக்குநர் இன்னும் இறங்கலைங்க.”

அத்தகைய தத்துவத்தை லாரிக்காரர் அதுவரை எதிர்கொண்டதில்லை போலும். தண்ணீர்க் குடத்தை எடுக்க லாரியின் பின்பக்கம் ஓடினார்.

இயக்குநர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “பொறுமைதான் நிரந்தரப் பணியாளருக்கு லட்சணம். இல்லையாம்மா?”

கோப்பக்காவின் இருமல் இப்போது நிற்கவேயில்லை. அவருடைய முகம் நீலம் பாரிப்பதைப் பயிற்சி ஆய்வாளர் பார்த்தாள். குறிப்பேட்டை மூடினாள். கதவைத் திறந்தாள். இறங்கினாள்.

காருக்குள் மூச்சுத் திணறலைவிடப் பெரிய திகைப்பு பரவியது. “ஏய்! சார் இன்னும் எந்திரிக்கலை!” என்று எதிரொலி பதறினார்.

அவள் கோப்பக்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். சுற்றிவந்து இயக்குநரின் கதவையும் விரியத் திறந்தாள். “நீங்க இறங்குங்க சார். அப்பத்தான் துணை இயக்குநர் சாரும் இறங்குவாரு.”

டிக்கியிலிருந்த தீயணைப்பானை எடுத்து, ஊசியைப் பிடுங்கி, சக்கரத்தை நோக்கிப் பிடியை அழுத்தினாள். அது சிறு பெருமூச்சு விட்டு அடங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. லாரிக்காரர்தான் குடத்தைச் சக்கரத்தின்மேல் கவிழ்த்தார்.

அவள் தீயணைப்பானின் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பி உரக்கப் படித்தாள்: “‘நேரில் பரிசோதிக்கப்பட்டது. முழுமையாக உள்ளது.’ போன மாசத் தேதி. கீழே உங்க கையெழுத்து சார்.”

இயக்குநர் ஒரு காலைத் தரையில் வைத்து, மறுகாலைக் காருக்குள் வைத்தபடி, அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து ஆணையை எடுத்தார். பேனாவையும் திறந்தார். “இதெல்லாம் குறிப்புல வேணாம்மா. இப்பவே போட்டுடறேன், பாரு.”

“வேண்டாம் சார்,” என்றாள் அவள். “இந்த ஊர்ல எத்தனை ஸ்கூல்ல, எத்தனை ஆஸ்பத்திரியில இதே கையெழுத்து தொங்குதோ. முதல்ல அதையெல்லாம் எண்ணிட்டு வர்றேன்.”