ஏழுமலை மாமா சொல்லாத ஆறு இலக்கம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை என்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இதற்கு மருந்து கண்டுபிடிப்பதற்குள் வாட்ஸ்அப் குழுவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வியாதி முற்றிவிட்டது.

தென்காசிப் பக்கத்திலிருந்து கணினிக் கம்பெனி வேலைக்கு வந்து, கள்ளிக்குப்பத்தில் ஃபிளாட் வாங்கிக் குடியேறியவன் நான். கட்டிக்கொண்டது மண்ணூர்பேட்டைப் பெண். மாமனார் ஏழுமலை, தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரும் மாமியாரும் என் மச்சினி கவிதாவும் எங்களோடுதான் இருந்தார்கள்.

எங்கள் ஏரியா குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங்கோடு விடியும். கரண்ட் போனால் 'உங்க வீட்டுலயும் போச்சா?' என்று ஒருவர் கேட்பார். 'இங்கயும் போச்சு' என்று தெருவே பதில் போடும். (கரண்ட் ஆபீசுக்கு மட்டும் யாரும் போன் பண்ண மாட்டார்கள். அதை இன்னொருவர் பண்ணியிருப்பார் என்று நம்பிக்கை.) மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிப் போட்ட பள்ளத்தை ஆளுக்கொரு கோணத்தில் படம் எடுத்துப் போடுவார்கள். இந்த நல்லவர்கள் நடுவில், யாரும் கேட்காமலே இணையப் பாதுகாப்பு மந்திரியாகப் பொறுப்பேற்றுக்கொண்டவன் நான்.

அப்போது ஊரெல்லாம் போன் மோசடி. நான் சும்மா இருப்பேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு, சமோசா வரவழைத்து, விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினேன்.

"உங்க பிள்ளை குரல்லயே பேசுவான். அச்சு அசலா இருக்கும். எல்லாம் கம்ப்யூட்டர் பண்ணுற வேலை. 'அவசரம், போன்ல வந்த நம்பரைச் சொல்லுங்க'ன்னு கெஞ்சுவான். அழுதாக்கூடச் சொல்லாதீங்க" என்று முழங்கினேன். வீடியோவில் முகத்தையே மாற்றிக்கொண்டு வருவான், கண்ணால் பார்ப்பதையும் நம்பாதீர்கள் என்றும் பயமுறுத்தினேன். குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், மாதா மாதம் மாற்றுங்கள் என்றேன். மோசடி நம்பர் எது சிக்கினாலும் குழுவில் போட்டுவிட வேண்டும், எல்லோரும் மாற்றி மாற்றி அந்த நம்பருக்குப் போன் பண்ணி, அவன் போனை அணைக்கும்வரை திட்ட வேண்டும் என்று ஒரு திட்டமும் கொடுத்தேன். அதற்குக் 'கும்மி' என்று பெயர் வைத்ததும் நானேதான்.

வந்தவர்களில் பலர் சமோசாவுக்கு வந்தவர்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுத் தலையாட்டிய ஒரே மாணவர் என் மாமனார். அன்றைக்கே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

இதோடு விட்டேனா? எங்கள் வாட்ச்மேன் ஊருக்குப் போனவர் திரும்பாததால், அடுக்குமாடிச் சங்கச் செகரட்டரி என்ற முறையில் கேட்டுக்கு ஒரு மெஷின் வாங்க வைத்தேன். குடியிருப்பவர்களுக்குக் கார்டு. விருந்தாளி வந்தால் வீட்டு நம்பரை அழுத்த வேண்டும். அந்த வீட்டுக்காரர் போனுக்கு ஆறு இலக்கம் வரும். அதைத் தட்டினால்தான் கேட் திறக்கும்.

இப்படி நான் ஊரைப் பாதுகாத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் கவிதாவுக்கு வரன் பார்த்தோம். கல்யாண இணையதளத்தில் அவள் கணக்கை நிர்வகித்ததும் நானே. (வேறு யார்?) நான் காட்டிய பையன்களை எல்லாம் அவள் ஒரு பார்வையில் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். கோவில்பதாகைப் பையன் பிரபுவின் விவரத்தைக் காட்டியபோது மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வரச் சொல்லுங்க மாமா" என்றாள். என் மனைவி சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த இடம் தட்டிப்போனால் கவிதா இனி எதையும் பார்க்கவே மாட்டாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பெண் பார்க்க வரும் நாளில் எங்கள் தெரு பள்ளமாகக் கிடந்தது. மேப் போட்டு வந்தால் வடிகாலுக்குள்தான் இறங்க வேண்டும். அதனால் மெயின் ரோட்டு பேக்கரி வாசலில் நின்று, சுற்று வழியாக அவர்களை நான் கூட்டிவருவதாக ஏற்பாடு. நேரமாகிவிட்டது என்று மனைவி விரட்ட, அடித்துப் பிடித்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர்கள் வேன் வந்தது. பிரபு, அவன் அப்பா தேவராஜ், அம்மா, இன்னும் சில உறவுக்காரர்கள். தேவராஜ் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எறும்பைக்கூட நகர்ந்து போகச் சொல்லிக் கேட்டுக்கொள்ளும் ரகம். ராஜமரியாதையோடு அவர்களை எங்கள் கேட்டுவரை அழைத்து வந்து, கார்டை எடுக்கப் பையில் கை விட்டேன்.

கார்டு என் போன் உறைக்குள் இருந்தது. போன் வீட்டுப் படுக்கையறையில் சார்ஜில் இருந்தது.

பதறவில்லை. வீட்டு நம்பரை அழுத்தினேன். மெஷின் ஒரு பெண் குரலில், ஆறு இலக்கம் அனுப்பிவிட்டதாக அன்போடு சொன்னது. ஆமாம், அதே போனுக்குத்தான். கத்திப் பார்த்தேன். எங்கள் வீடு நான்காம் மாடி, பின்பக்கம். முதல் மாடி ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. அது ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய்விட்டது.

"என் போன்ல பேசுங்க தம்பி" என்று தேவராஜ் நீட்டினார். "ஸ்பீக்கர்ல மட்டும்தான் கேக்கும், பரவாயில்லையா?"

மனைவியின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. (உங்களுக்கு இருக்கிறதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.) கேஸ் புக் பண்ணப் பயன்படுவதால் மாமனார் நம்பர் ஒன்றுதான் தெரியும். அடித்தேன்.

"ஹலோ, யாரு பேசறது?"

"மாமா, நான்தான்."

"நான்தான்னா இன்னா? பேரு கெடையாதா?"

"உங்க மாப்பிள்ளை மாமா. போனை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்."

"என் மாப்ள போன உட்டுட்டு பாத்ரூமுக்குக்கூட போவமாட்டாரு. வேற ஆளப் பாரு நைனா."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"மாமா, அவசரம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாசல்ல நிக்கிறாங்க. என் போன்ல வந்திருக்கிற ஆறு நம்பரை மட்டும் சொல்லிடுங்க" என்றேன். சொல்லும்போதே எங்கேயோ கேட்ட வசனம் மாதிரி இருந்தது. அது கார் நிறுத்துமிடத்தில் நான் நடித்துக் காட்டிய வசனம்.

"யப்பா!" என்றார் மாமா. குரலில் நிஜமான வியப்பு. "அப்பிடியே சொல்றான் பாரேன்! குரலும் மாப்ள மாறியே கீது. இன்னா டெக்னாலஜிடா! சரி, ரகசியச் சொல்லு இன்னா? அத்த சொல்லு."

மாமாவுக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று ரகசியச் சொல்லைச் சாப்பாட்டு அயிட்டமாகத்தான் வைப்பேன். மாதா மாதம் மாற்றுவேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. எனக்குத்தான் இல்லை.

"வத்தக்குழம்பு" என்றேன்.

"அது போன மாசத்துது. எங்கியோ லீக் ஆயிக்கீது."

"பூரிக்கிழங்கு?"

"கெடையாது."

"சுரைக்காய்க் கூட்டா மாமா?"

தேவராஜின் மனைவி என் பக்கம் குனிந்து, "தம்பி, எங்களுக்காக இவ்ளோலாம் செய்யச் சொல்லாதீங்க. காபி போதும்" என்றார்.

"மூணு தபா தப்பு சொன்னா கட் பண்ணிடணும்னு என் மாப்ள சொல்லிக்கீறாரு" என்று சொல்லி மாமா கட் பண்ணினார். மறுபடி அடித்தேன். போகவில்லை. பிளாக் பண்ணத் தெரியாமல் இருந்தவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

அடுத்து அவர் குழுவில் போட்ட செய்தியைப் பிறகுதான் பார்த்தேன். 'எச்சரிக்கை. என் மாப்ள குரலில் ஒருவன் பேசுகிறான். மரியாதையாகப் பேசுகிறான், நம்ப வேண்டாம். நம்பர் கீழே. கும்மி ஆரம்பிக்கவும்.'

கரண்ட் ஆபீசுக்கு ஒருநாளும் போன் பண்ணாத என் தெரு, அன்றைக்கு ஒற்றுமையாக எழுந்து நின்றது. தேவராஜ் கையில் இருந்த போன் அடித்தது.

"ஏன்டா, ஒனக்கெல்லாம் அக்கா தங்கச்சி இல்ல?" என்று ஒரு பெண்குரல் ஸ்பீக்கரில் சீறியது.

"இருக்காங்கம்மா, ரெண்டு பேரு" என்றார் தேவராஜ். சம்பந்தம் பேச வந்த இடத்தில் குடும்ப விவரம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

வைத்ததும் அடுத்தது. "ஒயச்சி சாப்புட மாட்டியாடா நாயே?" அடுத்தது. "ஒன் மூஞ்சிய ஒரு தபா காட்டுடா, எங்க கீற இப்போ?"

"கள்ளிக்குப்பத்துலதாங்க. உங்க கேட்டு வாசல்ல நிக்கிறோம்" என்று அந்த உத்தமர் உண்மையைச் சொன்னார். நான் போனைப் பிடுங்கி, "நான்தாங்க, செகரட்டரி பேசுறேன்" என்றேன். "குரல மாத்துறான் பாரு, அதே ஆளு!" என்று மறுமுனை கூவியது.

தேவராஜின் மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. "பொண்ணு பாக்க வந்த எடத்துல திருடன் பட்டமா? வாங்க போலாம்" என்று வேனில் ஒரு காலை வைத்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். தேவராஜ் அடித்துக்கொண்டே இருந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கவிதா மேலே பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரத்தில் கேட்டுக்கு உள்ளே தடதடவென்று சத்தம். கிரிக்கெட் மட்டை, துடைப்பம், ஒட்டடைக் குச்சி சகிதமாக எங்கள் அடுக்குமாடியே இறங்கி வந்துகொண்டிருந்தது. தலைமை, மாமனார்.

"மாமா!" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினேன்.

கூட்டம் நின்றது. மாமா மட்டும் மெதுவாகக் கிட்டே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். கண்ணால் பார்ப்பதையும் நம்பாதே என்று பாடம் எடுத்தவனே நான்தானே? கம்பி வழியாகக் கையை விட்டு, என் கன்னத்தைப் பிடித்து ஒரு திருகு திருகினார். உயிர் போனது.

"நெசந்தான்பா. தாடி குத்துது" என்று கூட்டத்திடம் அறிவித்தார்.

அதற்குள் அவரைத் தள்ளிக்கொண்டு கவிதா வந்தாள். பட்டுப்புடவை, தலையில் பாதி வைத்த பூ. தன் கார்டைக் காட்டிக் கேட்டைத் திறந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய், இன்னும் அடித்துக்கொண்டிருந்த போனைத் தேவராஜ் கையிலிருந்து வாங்கி, அழைப்பை எடுத்து, வந்த வசவைக் கேட்டாள்.

"யாரு, மூணாவது மாடி அக்காவா? போதும் நிறுத்துக்கா! யாரப் பாத்து இன்னா பேச்சு பேசிகினு கீற நீ? அவரு திருடன் இல்ல, என் மாமனாரு!"

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் மறுமுனை பட்டென்று கட் பண்ணியதும் எல்லோருக்கும் கேட்டது. தான் என்ன சொன்னோம் என்பது கவிதாவுக்கு அப்புறம்தான் உறைத்தது. பிரபு குனிந்து தன் செருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா வேனில் வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தார்.

"இன்னும் காபியே குடிக்கல. அதுக்குள்ள முடிவே பண்ணிட்டியாம்மா?" என்றார்.

அந்தத் தையிலேயே கல்யாணம் நடந்தது. ஆனால் அன்றைய கும்மியின்போது என் தெருக்காரர்கள் திட்டியதோடு நிற்கவில்லை. தெரியாத நம்பர் யாருடையது என்று காட்டும் செயலியில், ஆளாளுக்குத் தேவராஜ் நம்பரை மோசடி என்று பதிவு செய்துவிட்டார்கள். அவர் யாரைக் கூப்பிட்டாலும் எதிராளி போன் சிவப்பாக மாறி 'ஃபிராடு' என்று காட்டியது. பத்திரிகை வைக்கப் போன் பண்ணினால் சொந்தத் தம்பியே எடுக்கவில்லை. கடைசியில் வீடு வீடாகப் போய் அழைத்தார். கூட்டிப் போன ஸ்கூட்டர் என்னுடையது. பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லிவரை எனக்கு இப்போது தெரியாத சந்தே கிடையாது.

அதை நீக்கச் சொல்லி நான் எழுதாத மெயில் இல்லை. 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்றே பதில் வருகிறது. தேவராஜும் நம்பரை மாற்ற மாட்டேன் என்கிறார், வங்கி முதல் ரேஷன்வரை எல்லாம் அதில்தான் இருக்கிறதாம். எங்கள் வீட்டிலும் பழகிவிட்டது. போன் சிவந்தால், "ஃபிராடு கூப்புடுது, எடுங்க" என்கிறாள் என் மனைவி.

இதை எல்லாம் கேட்டு வளர்கிறாள் கவிதாவின் மகள். இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது. போன வாரம் அவளை முதன்முதலாகப் பாலர் பள்ளியில் விடப் போனோம். டீச்சர் குனிந்து, "பாப்பா யாரோட வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

குழந்தை தேவராஜின் விரலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளி முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஃபிராடு தாத்தா!" என்றது.

அவரும் பெருமையோடு தலையாட்டினார்.