லண்டன் வண்டிக்கு வரன்

விற்பனைக்கு என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, வாங்க வருகிறவனை வாசலோடு விரட்டியடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு ரக மனிதர்கள் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லையென்றால் உத்திரமேரூரில் பஸ் ஏறிச் சாலவாக்கத்துக்கு வாருங்கள், முதல் தரமான ஒருவரை நான் காட்டுகிறேன். என் பக்கத்து வீட்டுக்காரர்தான். பெயர் வீராசாமி, நெல் விவசாயி. வெள்ளைக்காரன் காலத்து இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் ஒன்றை வீட்டுக் கூடத்தின் நட்ட நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே நிறுத்தி வைத்திருக்கிறார். ஊருக்கு அது லண்டன் வண்டி. அவர் மனைவி பவளமும் மகள் இளவரசியும் அதைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போக வேண்டும்.

விளம்பரத்தில் மனிதர் குறை வைக்கமாட்டார். வாட்ஸ்அப்பில், டீக்கடைச் சுவரில், முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில்கூட 'லண்டன் வண்டி விற்பனைக்கு' என்று இருக்கும். ஆள் வந்த பிறகுதான் சுயரூபம் தெரியும். குடிப்பீர்களா, கோபம் வந்தால் உதைப்பீர்களா, இதற்கு முன் வைத்திருந்த வண்டி ஏன் உங்களை விட்டுப் போனது, மழை வந்தால் எங்கே நிறுத்துவீர்கள், அக்கம்பக்கத்தார் உங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள், அவர்களில் யாராவது ஒருவர் நம்பர் கொடுங்கள். வண்டி வாங்குகிறவனிடம் இதெல்லாம் எதற்கு? கேட்டுத்தான் பாருங்களேன்!

"நாலு நாளு ஸ்டார்ட் பண்லன்னா அதுக்கு மொகம் வாடிப்பூடும் சார். உங்களுக்கு இன்னா தெரியும்?"

போன ஞாயிற்றுக்கிழமை, பழைய வண்டிகளைச் சேர்க்கும் தினகரன் என்பவர் சென்னையிலிருந்து மினி லாரியோடு வந்திறங்கினார். அதே நேரத்தில் பெருநகரிலிருந்து முத்துவேலும் அவன் தாயாரும் இளவரசியைப் பெண் பார்க்க வந்து சேர்ந்தார்கள். இரண்டுக்கும் ஒரே நல்ல நேரத்தைக் குறித்தவர் வீராசாமிதான். ஒரு தடவை கேசரி கிண்டினால் போதுமே! இரண்டு தரப்பும் வண்டியைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஓசிக் கேசரிக்கு நானும் போயிருந்தேன்.

முத்துவேலை வீராசாமி ஒரு பார்வை பார்த்தார். "பையன் நல்லாத்தான் கீறான். எங்களுக்கு சம்மதம்." அவ்வளவுதான். பிறகு நாற்காலியைத் தினகரன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். கேசரி ஆறிக் கட்டியாகிவிட்டது, விசாரணை முடியவில்லை.

"உங்க ஷெட்ட நானே வந்து பாக்கணும் சார். ரெண்டு நாளு தங்கிப் பாத்தாதான் எனக்கு மனசு ஒப்பும்" என்றார் கடைசியில்.

தினகரன் பெரிதாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காலி லாரியோடு போய்ச் சேர்ந்தார்.

தட்டும் கையுமாக நின்ற இளவரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கும்தான்.

"நைனா, இவ்ளோ நேரம் வண்டிக்காக கேட்டுக்கினு இருந்தியே, அதுல ஒண்ணாவது எனக்காக கேட்டியா?"

வீராசாமி வண்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை முத்துவேல் பக்கம் திருப்பினார். பாவம், அவருக்குத் தெரிந்த கேள்விகள் அவைதானே!

"மாப்ள, தப்பா எட்துக்காதீங்க. மழ வந்தா எங்க நிறுத்துவீங்க?"

"யார மாமா?"

"என் பொண்ணத்தான்."

முத்துவேல் தாயைப் பார்த்தான். "அம்மாவ கேட்டுத்தான் சொல்லணும்."

"சரி. கோவம் வந்தா ஒதைப்பீங்களா?"

அதற்கும் அவன் தாயைத்தான் பார்த்தான்.

"கேசரி சாப்ட்டு கெளம்புங்க" என்றார் வீராசாமி.

அவர்கள் பஸ் ஏறியதும் பவளம் தலையில் அடித்துக்கொண்டாள். "வண்டியும் போவல, பொண்ணும் போவல. ரெண்டும் நடு வூட்லயே கீது!" இளவரசியோ லண்டன் வண்டியின் சீட்டில் ஏறி உட்கார்ந்து மீதிக் கேசரியைத் தின்றுகொண்டிருந்தாள். அந்த சீட்டில் வீராசாமி இதுவரை ஓர் ஈயைக்கூட உட்கார விட்டதில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். பழைய வண்டி வாங்கப் போனபோது சைலன்சரைத் தட்டி, டயரை நகத்தால் கீறி, தெரிந்த மெக்கானிக்கையும் கையோடு கூட்டிப்போனீர்களே, பெண்ணைக் கொடுக்கும்போது அந்தப் பையனிடம் என்ன கேட்டீர்கள்? இன்னும் கொஞ்சம் கேசரி வைக்கட்டுமா என்றுதானே?