கனடாக் குளிருக்கு மூடி வைச்ச சிட்னிக் கார்

போன ஜூன் மாசம், சிட்னியில விண்டர் தொடங்கேக்கை, எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காரைக் கராஜுக்குள்ள விட்டு, விண்டர் முடியுமட்டும் பத்திரமா மூடி வைக்கிறது.

அவ்வளவுதான். அரை மணித்தியால வேலை!

முதல் காரைப் பற்றிச் சொல்லவேணும். மஞ்சள் நிறம், ரெண்டு கதவு, V8 எஞ்சின். ஸ்ராட் பண்ணினா குவேக்கர்ஸ் ஹில்லில எங்கட றோட்டு நாயெல்லாம் எழும்பும். எனக்கு நாப்பத்தெட்டு வயசு, முழங்கால் நோ வேற. நிலத்தோட நிலமா இருக்கிற அந்தக் காரில இருந்து இறங்க மனுசி கை தரவேணும். அதால ஆரும் பாக்காத இடமாப் பாத்துத்தான் நிப்பாட்டுவன்.

"உங்களுக்கு இது கார் இல்லை, வியாதி" எண்டு சுமதி சொல்லுவா. சுமதிதான் என்ர மனுசி.

அந்த முறை நல்ல குளிர். காலமையில புல்லெல்லாம் வெள்ளையாப் பனி. ரீவியைப் போட்டா "கடும் குளிர், கடும் குளிர்" எண்டு அதே கதை. எனக்கு மனசு கேக்கேல்லை. ரொறன்ரோவில இருக்கிற மாமான்ர மகன் ரவிக்கு ஃபோன் எடுத்தன். அவனும் இப்பிடி ஒரு கார் வைச்சிருக்கிறான்.

"மச்சான், விண்டருக்குக் காரை என்ன செய்யிறனீ?"

அவன் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் மாதிரித் தொடங்கினான்.

"உள்ள விட்டா வசந்தம் வருமட்டும் தொடாதை. இடையில ஸ்ராட் பண்ணிப் பாக்கிற வேலை வேண்டாம். பற்றறிக்குச் சார்ஜரைக் கொழுவி விடு. சைலென்சர் குழாய்க்குள்ள எலி போகாம கம்பி வூல் அடை. மேல மூச்சு விடுற கவர் போடு. பிளாஸ்ரிக் போட்டியோ, துலைஞ்சாய்! கண்ணாடியை ஒரு விரல் அளவுக்குத் திறந்து விடு. காத்துப் போய் வரவேணும். இல்லாட்டி வசந்தத்தில காருக்குள்ள இருக்கேலாத மணம் வரும்."

'மணம் வரும்' எண்டதுக்குக் கீழ நான் ரெண்டு கோடு போட்டன்.

இஞ்சை எத்தினை பாகை எண்டு அவன் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை. அவனுக்கு அங்கை விண்டரில மைனஸ் இருவது. எனக்கு இஞ்சை பிளஸ் ரெண்டு. சொல்ல வெக்கமா இருந்தது.

பிரச்சினை கராஜ்தான். எங்கட கராஜுக்குள்ள ஒருநாளும் கார் நிண்டதில்லை. எங்கட ஆக்களில ஆற்ற கராஜுக்குள்ள கார் நிக்குது, சொல்லுங்கோ பாப்பம்? அரிசி மூட்டை, பெரிய ஃபிரீசர், மடக்குக் கதிரை இருவது. மூலையில காஸ் அடுப்பு. அதுதான் எங்கட ரெண்டாவது குசினி. மீன் பொரிக்கிறது, கருவாடு பொரிக்கிறது, மிளகாய் வறுக்கிறது எல்லாம் அங்கைதான். வீட்டுக்குள்ள பொரிச்சா ஒரு கிழமைக்கு ஜக்கெற் மணக்கும். ஒஃபிசில பக்கத்து ஆள் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு இருப்பான்.

"அப்ப நான் எங்கை மீன் பொரிக்கிறது?" எண்டு சுமதி கேட்டவ.

"வெளியில. பார்பிக்யூ இருக்குத்தானே."

"இந்தக் குளிருக்கையோ?"

"சிட்னியில என்ன பெரிய குளிர்!" எண்டன்.

ஓம். காருக்குக் கடும் குளிர். மனுசிக்குக் குளிரில்லை. இதைத்தான் நான் சொன்னனான். சுமதி என்னை ஒரு பார்வை பாத்திட்டு உள்ள போனவ. அந்தப் பார்வையை அண்டைக்கே நான் விளங்கிக்கொண்டிருந்தா இந்தக் கதை இஞ்சையே முடிஞ்சிருக்கும்.

அரிசி மூட்டையெல்லாம் சுவரோட அடுக்கி, காரை உள்ள விட்டன். சுமதி பாத்திரம் தேய்க்க வைச்சிருந்த கம்பி வூல் முழுப் பக்கற்றையும் சைலென்சருக்குள்ள திணிச்சன். பக்கத்து வீட்டு பிறையன் அரைக் கால்சட்டையோடயும் ரப்பர் செருப்போடயும் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், நிண்டு பாத்தார்.

"என்ன செய்யிறாய், மேட்?"

"விண்டருக்கு ரெடி பண்ணுறன்."

பிறையன் வானத்தைப் பாத்தார். என்ர கம்பளித் தொப்பியைப் பாத்தார். குனிஞ்சு தன்ர வெறும் முழங்காலைப் பாத்தார்.

"மேட்," எண்டார் மெதுவா, "இது சிட்னி."

உவருக்கென்ன தெரியும் எண்டு நான் கவரை இழுத்து மூடினன்.

மூண்டு மாசம் தொடேல்லை! ரவி சொன்னதை ஒரு சொல்லும் மீறேல்லை. சனிக்கிழமைகளில போய்க் கவருக்கு மேலால ஒருக்காத் தடவிப்போட்டு வருவன். கராஜ் மணந்ததுதான். ஆனா எங்கட கராஜ் எப்பவும் அப்பிடித்தான் மணக்கும்.

சாப்பாட்டில மீன் பொரியல் ஒரு கிழமையும் தப்பேல்லை. மனுசி இந்தக் குளிருக்க வெளியில நிண்டு பொரிக்கிறாவே எண்டு ஒருநாள் எனக்குக் கண்கூடக் கலங்கினது. அதை வாய் விட்டும் சொன்னன்.

சுமதி என்ர சாப்பாட்டுக் கோப்பையில இன்னொரு துண்டு போட்டவ.

ஆகஸ்ட் கடைசியில சுமதியின்ர தம்பி நிரோசனுக்குக் கலியாணம். "அத்தான், உங்கட காரிலதான் நான் மாப்பிள்ளையா வந்து இறங்குவன்" எண்டு ஆறு மாசத்துக்கு முதலே சொல்லி வைச்சவன். வாழ்க்கையில முதல் தரமா என்ர காரை ஒருத்தன் மதிச்சுக் கேட்டிருக்கிறான். விடுவனோ?

நிரோசன்ர கதையையும் சொல்லவேணும். பெண் வீட்டார் முழுச் சைவம். பெண்ணின்ர தகப்பன் முட்டை இருக்கோ எண்டு விசாரிக்காமக் கேக்கைத் தொடமாட்டார். நிரோசனோ மீனில்லாட்டிச் சோறு இறங்காத ஆள். அந்தப் பெண்ணுக்காக எல்லாத்தையும் விட்டான். "சொல்லுறது லேசு தம்பி" எண்டு தகப்பன் நம்பேல்லை. முழுசா ஒரு வருசம் பாத்துத்தான் ஓம் எண்டவர். அப்பவும் அரை மனசோடதான்.

கலியாணத்தண்டு காலமை கவரை எடுத்தன். தூசு துளி இல்லை! சாவியைத் திருப்ப ஒரே அடியில ஸ்ராட். "பாத்தீரோ?" எண்டு சுமதியைப் பாத்துக் கேக்க வாயைத் திறந்தன்.

டப்!

கம்பி வூலை எடுக்க மறந்திட்டன். அது பறந்து போய் பிறையன்ர குப்பைத் தொட்டியில விழுந்தது. மனுசன் அதை ரெண்டு விரலால தூக்கிக் காட்டி, "இது உன்ர, மேட்" எண்டார். அதே அரைக் கால்சட்டை.

எங்கட வீட்டில இருந்து வெளிக்கிட்ட நிரோசன் பட்டு வேட்டி, சால்வை, தலைப்பாகையோட முன்னுக்கு ஏறினான். காலமை பால் மட்டும்தான் குடிச்சவன். விரல் அளவு திறந்திருந்த கண்ணாடியை நான் ஏத்தினன். பின்னால சுமதி தன்ர பழைய காரில ரெண்டு அன்ரிமாரோட. லிட்கமில மண்டபம், அரை மணித்தியால ஓட்டம்.

எங்கள் ரெண்டு பேருக்கும் அப்ப ஒண்டும் மணக்கேல்லை. குளிருக்கு மூக்கு விறைச்சுப் போயிருந்தது.

மோட்டர்வேயில ஏறினவுடன நிரோசன் நடுங்கத் தொடங்கினான். "அத்தான், ஹீட்டரைப் போடுங்கோ."

போட்டன்.

முதல் சூட்டுக் காத்து வந்தது. பிறகு அதுக்குப் பின்னால, மூண்டு மாசமா உள்ள போய்ச் சேந்ததெல்லாம் வந்தது.

நிரோசன் கண்ணை மூடினான். மூச்சை நல்லா இழுத்தான்.

"அத்தான்."

"ஓம்."

"சூடை மீன்."

நான் ஹீட்டரைக் கொஞ்சம் குறைச்சன்.

"இப்ப கருவாடு," எண்டான்.

நான் உடன சுமதிக்கு ஃபோன் எடுத்து ஸ்பீக்கரில போட்டன்.

"சுமதி! நீர் கராஜுக்குள்ள மீன் பொரிச்சனீரோ?"

"எந்தக் கிழமையைக் கேக்கிறியள்?"

பின்னால அன்ரிமார் சிரிக்கிறது கேக்குது.

"கார் நிண்டதெல்லோ!"

"கார் மூடிக் கட்டிக்கொண்டு சொகுசாத்தானே நிண்டது. நானோ மழைக்கையும் குளிருக்கையும் நிக்கிறது? எண்ணெய் தெறிக்கக்கூடாதெண்டு கவரை இழுத்தும் விட்டனான். உங்கட காரில எனக்கு அக்கறை இல்லையெண்டு சொல்லாதேங்கோ."

மூச்சு விடுற கவர்! விரல் அளவு கண்ணாடி! கார் நல்லாத்தான் மூச்சு விட்டிருக்குது.

கண்ணாடியை முழுக்க இறக்கினன். தலைப்பாகை பறக்கப் பாத்தது. ஏத்தினன். டாஷ்போர்ட்டுக்குள்ள கிடந்த மல்லிகை வாசனை ஸ்பிரேயை எடுத்து அடிச்சன். மல்லிகைப்பூ வைச்ச கருவாடு மாதிரி ஆச்சு. அதுக்கு முதல் இருந்ததே திறம்.

"அத்தான், பசிக்குது" எண்டான் நிரோசன், அழுவாரைப் போல. "நான் மீன் திண்டிட்டு வந்தனான் எண்டுதான் அவர் நினைக்கப்போறார்."

எனக்கு அப்பதான் விளங்கினது. ஒரு வருசம் இவன் வாயைக் கட்டினது, நான் ஒரு விரல் அளவு கண்ணாடி திறந்ததால போகப்போகுது.

மண்டப வாசலில நாதஸ்வரம், ஆலத்தி, எல்லாம் றெடி. கார் நிண்டு ஒரு நிமிசமாகேல்லை, சிட்னியில குப்பைத்தொட்டி கிளறித் திரியிற வளைஞ்ச சொண்டுப் பறவையள் மூண்டு நடந்து வந்து கதவடியில நிண்டுட்டுது.

பெண்ணின்ர தமையன் மாப்பிள்ளையின்ர காலைக் கழுவக் குனிஞ்சவன், நிமிந்து மணந்து பாத்தான். ஆலத்தி எடுத்த அன்ரி ஒரு அடி பின்னுக்குப் போனவ. பெண்ணின்ர தகப்பன் கிட்ட வந்தார்.

"தம்பி, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பால் மட்டும், மாமா."

அவர் தலைப்பாகைக்குக் கிட்ட மூக்கைக் கொண்டு போனார். முகம் மாறிச்சுது. "பால்" எண்டார். நாதஸ்வரக்காரர் வாசிக்கிறதை நிப்பாட்டிட்டார்.

வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், அந்த இடத்தில ஒரு நிமிசம் நான் யோசிச்சனான். உண்மையைச் சொன்னா நிரோசன் தப்புவான், என்ர மானம் போகும். சொல்லாட்டி... பின்னால வந்து சேந்த சுமதி என்ர முழங்கையில நுள்ளினவ. நல்ல நுள்ளு.

"ஐயா, மணக்கிறது மாப்பிள்ளை இல்லை. என்ர கார்."

அவர் நம்பேல்லை. நேரா நடந்து போய், பறவையளை விலத்தி, கதவைத் திறந்து தலையை உள்ள விட்டார். உடன வெளியில எடுத்தார். கொஞ்ச நேரம் காரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார்.

"எத்தினை நாள்?"

"மூண்டு மாசம், ஐயா. மூடி வைச்சனான்."

"ஏன்?"

"குளிருக்கு."

"எந்தக் குளிருக்கு?"

வாசலில நாப்பது பேர் பட்டுச் சேலையும் வேட்டியுமா என்ர பதிலைப் பாத்துக்கொண்டு நிக்குதுகள்.

"கனடாவில..." எண்டு தொடங்கினன்.

"நாங்கள் லிட்கமில எல்லோ நிக்கிறம்" எண்டார்.

நான் குனிஞ்சு பறவையளைக் கலைக்கத் தொடங்கினன்.

அவர் திரும்பிப் போய் நிரோசன்ர தோளில கையை வைச்சார். "அரை மணித்தியாலம் இதுக்குள்ள இருந்தனீங்களோ, தம்பி? வெறும் பாலோட?"

"ஓம், மாமா."

"இதுக்குள்ள இருந்தும் வழியில ஒரு கடையிலயும் இறங்காம வந்திருக்கிறியள்" எண்டார். ஒரு வருசமா வராத சிரிப்பு அண்டைக்குத்தான் வந்தது. "வாங்கோ, வாங்கோ. இனி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை."

என்னை ஏசாம விட்டவர். பாவம் பாத்திருக்கிறார்.

பின்னேரம் பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டை போனது சுமதியின்ர காரில. பதினாலு வருசமா வெயில், மழை, குளிர், காகத்தின்ர எச்சம் எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு வெளியில நிக்கிற கார். சாவியைத் திருப்பினவுடன ஓடிச்சுது. ஒரு மணமும் இல்லை!

ரவி ஃபோன் எடுத்தான். "கண்ணாடியை நான் சொன்ன மாதிரித் திறந்து விட்டனியோ? பாத்தியே, மணம் வந்திராது." நான் ஃபோனை வைச்சிட்டன்.

பிறகு ஃபில்ரர் மாத்தினன், சீற் கழுவினன், அப்பச்சோடா தூவினன். மணம் போகேல்லை. மெக்கானிக் கதவைத் திறந்திட்டு உடன மூடினார். கார் இப்ப வெளியில நிக்குது. கராஜுக்குள்ள சுமதி கதவைத் திறந்து போட்டு, றேடியோவும் போட்டு, ராணி மாதிரி மீன் பொரிக்கிறா.

நிரோசன் சொன்ன சொல்லு மாறேல்லை. இண்டைக்கும் முழுச் சைவம். ஆனா ஞாயிற்றுக்கிழமைகளில தனிய வருவான். "அத்தான், கார்ச் சாவியை ஒருக்காத் தாறியளோ?" எண்டு கேப்பான். குடுப்பன். உள்ள ஏறி, ஸ்ராட் பண்ணி ஹீட்டரைப் போட்டு, கண்ணாடியெல்லாம் ஏத்தி, கண்ணை மூடிக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்திட்டு, "போட்டு வாறன் அத்தான்" எண்டு சந்தோசமாப் போவான்.

கலியாணத்துக்குப் பிறகு V8 எஞ்சின் ஒரு கிலோமீற்றரும் ஓடேல்லை. ஹீட்டர் மட்டும் நல்லா வேலை செய்யுது.