மூளைக்குள் நனைந்த புருஷன்

மூன்றாவது மாடியில் இருந்தவர் மகான் இல்லை. அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது. இவர் மன அலை நிபுணர்! தாடியை மழித்துவிட்டுக் கோட்டு மாட்டிக்கொண்டால் ஏமாற்றுக்கு விஞ்ஞானம் என்று பெயர் வந்துவிடுகிறது. வருகிறவர் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்ப்பார். 'குய்ங்' என்று சத்தம் வரும். அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே மனக்கவலையைப் புட்டுப் புட்டு வைப்பார். வக்கீல், வங்கி மேனேஜர் என்று படித்த கூட்டமெல்லாம் மாடிப்படியில் முண்டியடித்தது.

அந்தக் கூட்டத்தில் தங்கையோடு உட்கார்ந்திருந்தார் ஒரு லிஃப்ட் இன்ஸ்பெக்டர். தங்கை பள்ளிக்கூட டீச்சர். மாதக்கணக்கில் தூக்கமில்லை, வகுப்பு வாசலை மிதித்தாலே நெஞ்சை அடைக்கும். ஆஸ்பத்திரி மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையில் இப்போதுதான் கொஞ்சம் கண்ணயர்கிறாள். அண்ணனுக்கோ மானப் பிரச்சினை. டாக்டரிடம் போனால் பைத்தியம் என்பார்களாம், அலைக்காரரிடம் போனால் நாகரிகமாம்! நிபுணர் போட்ட முதல் நிபந்தனை, மாத்திரை இன்றோடு குப்பைக்குப் போக வேண்டும்.

"அதை நிறுத்தினா நான் மறுபடி படுத்துடுவேண்ணா. பயமா இருக்கு."

"இத்தனை பேர் வர்றாங்களே, எல்லாரும் முட்டாளா?"

இதற்கு உண்மையான பதிலைச் சொன்னால் கூட்டம் அடிக்க வரும். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

வரவேற்பறையில் ஓர் அம்மா. பேச்சில் தேன் ஒழுகும். தண்ணீர் கொடுப்பார், "என்ன கண்ணு கவலை?" என்பார், அழுதால் கூடவே அழுவார். கண் அழும், மேசைக்கடியில் கட்டைவிரல் மட்டும் செல்போனில் ஓடும். பெஞ்சுக்கடியில் போன் தட்டுகிற கையை டீச்சருக்கா தெரியாது?

அந்த அம்மா பக்கத்தில் வந்ததும் இவள் விசும்பினாள். "என்னத்தைச் சொல்ல? எங்க வீட்டுக்காரர் கப்பல்ல வேலை பாத்தாரு. கடல்ல விழுந்து போயிட்டாரு."

அண்ணன் வாயைப் பிளந்தார். அவள் அவர் காலை ஒரு மிதி மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது.

உள்ளே ஹெல்மெட் கவிழ்ந்தது. குய்ங்! நிபுணர் கண்ணை மூடினார்.

"தண்ணி... எங்க பாத்தாலும் தண்ணி... உங்க புருஷன் உங்க மூளையோட இடது பக்கத்துல நனைஞ்சுக்கிட்டே நிக்கிறார்மா!"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். எழுந்து போய்க் கதவை விரியத் திறந்தாள். கூட்டம் முழுக்க எட்டிப் பார்த்தது.

"எனக்குக் கல்யாணமே ஆகலை சார்."

"அது... போன ஜென்மம்..."

"போன ஜென்மமா? வெளியில இருக்கிற அம்மாகிட்ட இப்பத்தானே சொன்னேன், வேணும்னே பொய்யா! என் தலையில இல்லாததை உங்க ஹெல்மெட் எப்படிப் படிச்சுது?"

நிபுணருக்கு வேர்த்துக் கொட்டியது. தங்க ஃபிரேம் போட்ட சான்றிதழைச் சுவரில் காட்டினார். அண்ணன் கிட்டே போய்ப் படித்தார். கொடுத்தது அகில உலக மன அலைக் கழகம். கழகத் தலைவர் கையெழுத்தா? சாட்சாத் நிபுணருடையதேதான்!

"லைசென்ஸ் இல்லாத லிஃப்ட்ல யாரையாவது ஏற விடுவியாண்ணா? என்னை மட்டும் ஏன் இங்க கூட்டிட்டு வந்த?"

"ஊர் என்ன சொல்லும்னு பாத்தேன்மா, உன்னைப் பாக்கலை. தப்புதான்." அண்ணன் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார்.

கூட்டம் திருந்தியதா? "இருந்தாலும் கைராசிக்காரர்" என்றார் வக்கீல். பக்கத்துத் தெருவில் இதைவிடப் பெரிய ஹெல்மெட் இருக்கிறதாமே என்று மேனேஜர் விலாசம் விசாரித்தார்.

மாத்திரை நிற்கவில்லை. டாக்டர் சொன்ன மனநல ஆலோசகரின் பதிவு எண்ணை அண்ணனே சரிபார்த்து, தங்கையை அழைத்துப் போனார். சின்ன அறை, இரண்டு நாற்காலி.

"மெஷின் எதுவும் இல்லீங்களா?" அண்ணன் ஏமாற்றமாகத்தான் கேட்டார்.

"இல்லீங்க. அவங்க பேசணும், நான் கேக்கணும். குணமாக நாளாகும்" என்றார் ஆலோசகர் அம்மையார்.

தங்கை உள்ளே போனாள். அண்ணன் வெளியே காத்திருந்தார்.

பெரியோர்களே, உங்கள் தலையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒரே ஒரு தடவை நீங்களும் அதை உபயோகித்துப் பாருங்கள்!