மேல்மாடி டெலிபோனும் தவநாயகியின் வோட்டும்

என்ரை வீட்டில ரகசிய வாக்கெடுப்பு கிடையாது! தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுத் தேர்தலுக்கு முதல் நான் எடுத்த வீர முடிவு இது. பிரிட்டனை ஆர் ஆளப்போகினம் எண்டது எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால், என்ரை கூரைக்குக் கீழ இருக்கிற என்ரை மனிசி தவநாயகி ஆருக்கு வோட்டுப் போடப்போறா? அது தெரியாட்டி எனக்கு மண்டை வெடிச்சிடும்.

ஞாயிற்றுக்கிழமையில எங்கடை முன்னறைதான் பாராளுமன்றம். எல்லாத்தையும் தனியாருக்குக் குடுக்கவேணும் எண்டது என்ரை கட்சி. எதிர்க்கட்சி என்ரை கூட்டாளி குகதாசன், ரயில்வேயில டிக்கெட் பாக்கிறவன்.

“ரயிலையும் வித்துப்போட்டு என்னண்ணை செய்யப்போறியள்? தண்டவாளம் ஒருத்தனுக்கு, பெட்டி இன்னொருத்தனுக்கோ?”

“போட்டி வேணுமடாப்பா! எல்லாத்தையும் ஒரே ஆள் செய்தால் சேவை திருந்தாது. டெலிபோனைப் பார். முந்தி ஒரு லைனுக்குத் தவம் கிடந்தம். இப்ப மேல ஒண்டு, கீழ ஒண்டு!”

“அப்ப ஆஸ்பத்திரியையும் விப்பியளோ?”

“தேவையெண்டால் விக்கிறதுதான்!”

தவநாயகி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பா. எங்கள் ரெண்டு பேரையும் ஒருக்கால் பாப்பா. திரும்பிப் போயிடுவா. வாசலுக்கு மூண்டு கட்சிக்காரரும் வந்தினம். மூண்டு பேருக்கும் அவ குடுத்தது ஒரே சிரிப்பு, ஒரே “யெஸ், யெஸ்”. கல்யாணம் கட்டின நாளில இருந்து அந்தச் சிரிப்புக்கு எனக்கு அர்த்தம் பிடிபடேல்லை.

“இஞ்சேரும், நீர் ஆருக்குப் போடப்போறீர்?”

“உங்களுக்கேன்?”

“சும்மா அறியத்தான்.”

“அறிஞ்சு என்ன, ஊரெல்லாம் பறையடிக்கவோ? போய் அந்தக் குப்பையை வெளியில வையுங்கோ.”

வைச்சன். வைச்சிட்டு நேர குகதாசனிட்டைப் போனன். அவனுக்கும் தவநாயகி அக்காவின்ரை வோட்டை அறிய ஆசை. திட்டம் லேசானது. அவன் கருத்துக் கணிப்புக் கொம்பனி வெள்ளைக்காரன் மாதிரி டெலிபோன் எடுக்கவேணும். நான் மேல்மாடி ரிசீவரைத் தூக்கிக் களவாய்க் கேக்கவேணும். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து செய்த சதி எண்டால் பாருங்கோவன்!

சனிக்கிழமை காலமை மணி அடிச்சுது. கட்டிலில குந்தி, மூச்சை அடக்கிக்கொண்டு ரிசீவரைக் காதில வைச்சன்.

“குட் மோர்னிங், மேடம்!” குகதாசன் மூக்கால இங்கிலீசை இழுத்தான். நாட்டு மக்களின்ரை கருத்தை அறியினமாம். மேடம் எந்தக் கட்சியாம்?

தவநாயகி நல்ல தமிழில கேட்டா:

“காலமைச் சாப்பாடு ஆச்சோ?”

“ஓம் அக்கா, பாணும் சம்பலும்,” எண்டான் வெள்ளைக்காரன்.

ஐயோ! எங்கடை சனம் என்ன வேஷம் போட்டாலும் சாப்பிட்டாச்சோ எண்டு கேட்டால் போச்சு. நான் தலையில கை வைச்சன். அவ கோபிக்கவே இல்லை.

“நல்லது தம்பி. கட்சியைச் சொல்லமுதல் எனக்கொரு சந்தேகம். இந்த வீட்டில தேத்தண்ணி, சமையல், உடுப்புத் தோய்க்கிறது எல்லாம் ஒரே ஆள்தான். போட்டியே இல்லை. இப்பிடி இருந்தால் சேவை திருந்தாதாமே?”

“அண்ணை அப்பிடித்தான் சொல்லுறவர், அக்கா.”

“அப்ப சரி. இண்டையில இருந்து தேத்தண்ணியைத் தனியாருக்குக் குடுக்கிறன். மேல்மாடியில புஸ்புஸ் எண்டு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறவருக்குத்தான் கொன்ராக்ட்.”

“நான் மூச்சே விடேல்லை!” எண்டு ரிசீவருக்குள்ள கத்தினன்.

குகதாசன் டக்கெண்டு வைச்சிட்டான். கோழை!

தேர்தல் நாள் ரெண்டு பேரும் வோட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போனம். அவ மறைப்புக்குள்ள போனா. நான் கழுத்தை நீட்டினன். அங்கையிருந்த வெள்ளைக்காரி என்னை முறைச்சா. கழுத்தை உள்ளுக்கு இழுத்தன்.

வழியெல்லாம் கெஞ்சினன். “இப்பவாவது சொல்லுமன், தாயே!”

“கொன்ராக்ட்காரர் நல்ல தேத்தண்ணி போட்டுத் தரட்டும். சொல்லுறன்.”

அவ்வளவுதானே! இஞ்சி தட்டிப் போட்டன். பாலைப் பொங்கவிட்டன். நுரை தள்ள ஆத்தி, ரெண்டு கையாலயும் ஏந்திக்கொண்டுபோய்க் குடுத்தன். ஒரு மிடறு குடிச்சா. கண்ணை மூடினா. நான் காதைக் கிட்டக் கொண்டுபோனன்.

“சீனி காணாது,” எண்டா தவநாயகி. “அடுத்த தேர்தலுக்குப் பாப்பம்.”