முகமூடிக்காரன் யார் பக்கம்?

ஐம்பது வயதைத் தொடும்வரை, முகமூடி போட்டவன் எல்லாம் ஏழையின் பக்கம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். (சிரியுங்கோ, பரவாயில்லை.)

மகள் டிலானிக்கு அந்த நம்பிக்கை இல்லை. ரீவியில் முகமூடி வீரன் பறக்கும்போதே ஒருநாள் கேட்டாள்: "அப்பா, விழுற கட்டடத்தை உவர் தாங்கிப் பிடிப்பார். கட்டடம் ஆரின்ர காணியில நிக்குதெண்டு ஒருக்காலும் கேக்கமாட்டாரே?" படம் பார்க்க விடு பிள்ளை என்றேன்.

அந்த நாட்களில்தான் எங்கள் கரையை வேலி போட்டு அடைக்க ஒரு கம்பனி வந்தது. வேலி விழுந்தால் கரைவலை இழுக்க இடமில்லை; வலை இல்லையென்றால் எங்கள் வீட்டு அடுப்பும் இல்லை. கம்பிக்கட்டைகள் ஏற்றிவரும் லொறியை மறிப்பதென்று ஊர் முடிவெடுத்தது. சனத்தை உற்சாகப்படுத்த நான் வீரன் வேடத்தில் வாறன் என்று வாக்குக் கொடுத்தேன். (வரச்சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.)

முகமூடியை நானே வெட்டித் தைத்தேன். முதுகில் பறக்கவிட, தவக்கால நாடகத்தில் உரோமைச் சேவகன் போடும் சிவப்புப் போர்வையைக் கோயில் அலுமாரியிலிருந்து எடுத்தேன். இது ஆண்டவரைச் சவுக்கால் அடிச்சவன்ர உடுப்பெல்லோ என்று மனைவி ரீற்றா சொல்லிப் பார்த்தாள். சிவப்பு சிவப்புத்தானே என்றுவிட்டேன்.

காலை வெயிலில் பெண்கள் பாதையில் குந்தியிருந்தார்கள். ரீற்றா முன்வரிசையில். லொறி வந்தது. அதன் பின்னால் பொலிஸ் ஜீப்பும் வந்தது. பொல்லுகளைக் கண்டதும் பின்னால் வழி இருக்கிறதா என்று பார்த்தேன். முகமூடிக்குள் வேர்வை கண்ணை எரித்தது. ஓடுவோமென்றால், நிற்பவன் நான் ஒருவன்தான், அதுவும் சிவப்பில்.

இன்ஸ்பெக்டர் நேரே என்னிடம் வந்தார். கொச்சைத் தமிழில், வலு மரியாதையாக, "ஐயா, ஆக்களைக் கொஞ்சம் அரக்கச் சொல்லுங்கோ" என்றார்.

"ஓம் சேர்."

யோசிக்கமுன்னமே வாய் சொல்லிவிட்டது. ரீற்றாவிடம் குனிந்து, கொஞ்சம் ஓரமா இருங்கோவன், லொறி போகட்டும் என்று கெஞ்சினேன்.

"உங்களுக்கு விசரே? நிக்கிறதெண்டால் இஞ்சால நில்லுங்கோ. வெயிலுக்காவது மறைப்பா இருக்கும்."

பின்னால் இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கே என் கை தானாக எழும்பி, பஸ் கொண்டக்டரைப் போல, வரட்டும் வரட்டும் என்று லொறியைக் கூப்பிட்டது. லொறியும் வந்தது. ரீற்றாவின் முழங்காலுக்கும் டயருக்கும் ஒரு முழம்கூட இல்லை. கத்த வேண்டும். கையோ இன்னும் லொறியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவள் அசையவில்லை. றைவரை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, நிப்பாட்டு" என்றாள்.

அவன் எஞ்சினை நிறுத்தினான். இறங்கினான். இனி முன்னுக்கு ஓட்டமாட்டன் என்று இன்ஸ்பெக்டருக்கே சொல்லிவிட்டுப் போய் ஒரு பனையடியில் இருந்துவிட்டான்.

பின்னேரம் லொறி கட்டைகளோடேயே திரும்பிப் போனது. கரை இன்றைக்கும் திறந்துதான் கிடக்கிறது. அன்று லொறியை மறித்தது, நிலத்தில் இருந்த பெண்கள். லொறிக்கு வழி காட்டியது நான்.